கவிழ்த்து வைத்த கோப்பை

என் மச்சினன் எனக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது. கோட்டுக்கு மூவாயிரத்து இருநூறு, ஷூவுக்கு ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது, வைன் பரிமாறும் படிப்புக்குக் கட்டியது ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். நான் பலமுறை கூட்டிப் பார்த்தவன்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரியே அதுதான். நாற்பத்து மூன்று வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, யாரும் வாயால் சொல்லாமல் நானாக எழுதிய முதல் வரி. அதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பார்த்துச் சிரித்துவிட்டு, பேனாவை வாங்கி அதைத் திருத்தியவனும் மச்சினன்தான். கடன்பட்டவனே கடன் சீட்டில் பிழை திருத்திய கதை வேறெங்கும் நடந்திருக்காது. என்ன செய்வது, எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் அவன். ஓட்டலின் கீழறையில் வைன் பெட்டிகள் மேல் சாக்கட்டியால் எழுதிக் காட்டுவான். நான் மூட்டை தூக்குகிற கையால் அதையே எழுதிப் பார்ப்பேன். சாக்கட்டி ஒடியும். "மாமா, இது கடப்பாரை இல்ல, மெதுவா" என்பான்.

அவனை அந்த ஓட்டலுக்குக் கொண்டு வந்தவன் நான். என் வீட்டுக்காரிக்கு ஒரே தம்பி. "ஏங்க, எப்படியாவது உள்ள சேத்துவிடுங்க" என்று அவள் ஆறு மாதம் என் காதைக் கடித்தாள். நான் மேலாளர் காலைக் கடிக்காத குறையாக நின்று, தட்டு எடுக்கிற வேலை வாங்கிக் கொடுத்தேன். அப்போது நான் கழுவுமிடத்தில் பதின்மூன்று வருடம் முடித்திருந்தேன். இப்போது பத்தொன்பது. இன்றைக்கும் அதே தொட்டிதான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக் கூடத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆடும் கதவு, அதில் வட்டமாக ஒரு கண்ணாடி. பக்கத்தில் சன்னல்போல ஒரு திறப்பு. அழுக்குத் தட்டும் கோப்பையும் அதன் வழியாக வரும். நான் கழுவுவேன். சும்மா கழுவுவதில்லை. வைன் கோப்பையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் சோப்பு வாசம் ஒட்டிக்கொள்ளும், எத்தனை விலை கொடுத்து வாங்கிய வைனும் அதில் துணி துவைத்த தண்ணீராகிவிடும். வெந்நீர் மட்டும் போதும். துடைக்கிற துணியை வேறு துணியோடு வைக்கக் கூடாது. இதெல்லாம் யாரும் சொல்லித்தந்ததில்லை. ஒவ்வொரு கோப்பையையும் கழுவுவதற்கு முன் முகர்ந்து பார்ப்பது என் வழக்கம், அதில் தெரிந்துகொண்டது.

கீழறையும் என் பொறுப்புதான், படியில் பெட்டி தூக்க வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால். அங்கே வெயில் கிடையாது, சத்தம் கிடையாது. பிரான்சிலிருந்து வந்த சிவப்பு வைன் பாட்டில்கள் படுக்க வைத்தபடியே வருடக்கணக்கில் கிடக்கும். நிறுத்தி வைத்தால் கார்க் காய்ந்து சுருங்கி, காற்று உள்ளே போய்விடும். பழையதாக ஆக, படுத்த பாட்டிலின் பக்கவாட்டில் வண்டல் தங்கும். பரிமாறுவதற்கு இரண்டு நாள் முன்பு எழுப்பி நிறுத்தினால்தான் அது அடியில் இறங்கும். தூங்குகிற குழந்தையை ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு மாற்றுகிற மாதிரி தூக்க வேண்டும். என் பிள்ளைகளைக்கூட நான் அப்படித் தூக்கியதில்லை என்று என் வீட்டுக்காரி சொல்வாள்.

நோட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. முதல் பக்கம் கடன். இரண்டாம் பக்கத்திலிருந்து வேறு. எந்தத் தட்டோடு எந்தக் கோப்பை வந்தது, கோப்பையில் எவ்வளவு மிச்சம், இதுதான் கணக்கு. வினிகர் ஊற்றிய பச்சைக் கீரையோடு போன பழைய சிவப்பு, பாதிக்கு மேல் திரும்பி வரும். மீனோடு போனது முக்கால்வாசி திரும்பும். மிளகாய் தூக்கலாகப் போட்ட தட்டென்றால் பக்கத்தில் தண்ணீர்க் கோப்பைதான் காலியாக இருக்கும். ஆட்டுத்தொடையை உப்பும் பூண்டும் மட்டும் தடவி அடுப்பில் மெதுவாகச் சுட்டு, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே எடுத்துப் போட்ட தட்டோடு போன கோப்பை, துடைத்த மாதிரி வரும். காளான் தட்டும் அப்படித்தான். ஆள் பொய் சொல்வான். 'பிரமாதம், பிரமாதம்' என்று கையைப் பிடித்துக் குலுக்குவான். திரும்பி வருகிற கோப்பை பொய் சொல்லாது.

இந்த வாக்கியத்தை நான் மச்சினனிடம் சொன்னேன். எந்த வைனுக்கு எந்தச் சாப்பாடு என்று என் நோட்டைப் பார்த்துத்தான் அவன் மேசைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு வாய் இருந்தது. உயரம் இருந்தது. பிரெஞ்சுப் பெயர்களை நாக்கில் வெண்ணெய் தடவிக்கொண்ட மாதிரி சொல்வான். இரண்டு வருடத்தில் தட்டு எடுப்பவன் வைன் ஊற்றுபவனாகிவிட்டான்.

அதற்கு முன்பு நானும் ஒருதடவை முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். வைன் ஊற்றுகிற வேலையைக் கற்றுக்கொள்ளட்டுமா என்று. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். வெந்நீரில் வெடித்து, நகக்கண் கறுத்த கை. "இந்தக் கை மேசைக்கு ஆகாதுப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சட்டை அளவு பார்த்துச் சொல்கிற தையல்காரர் மாதிரி சொன்னார்.

சரி, அதையும் விழுங்கினேன். அடுத்ததுதான் தொண்டையில் நின்றது.

மச்சினனுக்கு வாசனை தெரியாது.

நம்ப மாட்டீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல். எழுந்து உட்கார்ந்தான், மூக்கு மட்டும் எழவில்லை. வீட்டில் பால் தீய்ந்து புகை கிளம்பியபோது அதே அறையில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அன்று ராத்திரி என் காலைப் பிடித்துக்கொண்டான். "மாமா, வெளிய தெரிஞ்சா என் பொழப்பு போச்சு." அவள் ஒரு பக்கம் அழுகிறாள். நான் என்ன செய்வேன்? மூக்கைக் கடன் கொடுத்தேன். அதை நோட்டில் எழுதவில்லை.

எப்படியென்றால், மேசையருகே பாட்டிலைத் திறந்து ஒரு விரல் அளவு சின்னக் கோப்பையில் ஊற்றுவான். விருந்தாளிகள் முன்னால் கண்ணை மூடி முகர்வான். அது வெறும் கூத்து. பிறகு, வண்டல் விழாமல் வைனை இறக்க மெழுகுவர்த்தியும் குடுவையும் எடுத்து வருகிற சாக்கில் அந்தக் கோப்பையைத் தட்டில் வைத்துக்கொண்டு என் திறப்புக்கு வருவான். நான் முகர்வேன். நன்றாக இருந்தால் கோப்பையைக் கழுவி அடுக்குச் சட்டத்தில் கவிழ்த்து வைப்பேன். கார்க் கெட்டு, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் நிமிர்த்தி வைப்பேன். அவ்வளவுதான். ஒரு பேச்சு கிடையாது. கழுவுமிடத்தில் ஒருவன் கோப்பையைக் கவிழ்த்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஒருதடவைகூட நான் தப்பாகச் சொன்னதில்லை. ஓட்டலில் எல்லோரும் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? 'மூக்கு.' "மூக்கு வந்தாச்சா?" "மூக்கக் கூப்பிடு." நான் தொட்டிக்குள் கையை விட்டபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பத்திரிகைக்காரன் ஒருவன் வந்து போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் படம் வந்தது. கோப்பைக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி. என் வீட்டுக்காரி அதைக் கத்தரித்து அலமாரிக் கண்ணாடியில் ஒட்டினாள். நான் முகம் மழிக்கிற கண்ணாடி அது. ஒரு பக்கக் கன்னம் என்னுடையது, மறுபக்கம் அவன் மூக்கு.

"கொஞ்சம் தள்ளி ஒட்டக் கூடாதா?" என்றேன்.

"ஏன், உங்க மூஞ்சி மறைக்குதா? அத மறைச்சா என்ன குறைஞ்சிடும்?" என்று சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

எழுதப் படிக்கத் தெரியாமலே இருந்திருந்தால் அன்றைக்கு அதோடு போயிருக்கும். பாதி நுரையோடு நின்று, படத்துக்குக் கீழே இருந்ததை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். 'எந்த வைனுக்கு எந்த உணவு என்று எப்படிக் கற்றீர்கள்?' என்று பத்திரிகைக்காரன் கேட்டிருக்கிறான். பதில்: 'ஆள் பொய் சொல்வான். திரும்பி வருகிற கோப்பை பொய் சொல்லாது.'

கன்னத்தில் வெட்டிக்கொண்டேன். ரத்தம் வந்ததுகூட அவள் சொல்லித்தான் தெரிந்தது.

இனி அந்த மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன்.

முதலாளிக்கு ஒரு பழைய கூட்டாளி. இருவரும் சேர்ந்து ஓட்டல் தொடங்கி, பிறகு முறுக்கிக்கொண்டு, இருபது வருடம் பேச்சில்லாமல் இருந்து, இப்போது அவர் சமாதானமாகச் சாப்பிட வருகிறார். ஓட்டல் திறந்த வருடம் இருவரும் சேர்ந்து பிரான்சிலிருந்து ஒரு பெட்டி சிவப்பு வைன் தருவித்திருந்தார்கள். பன்னிரண்டு பாட்டில். பத்து எப்போதோ தீர்ந்தது. மீதி இரண்டும் முப்பத்திரண்டு வருடமாகக் கீழறையின் கடைசி மூலையில் கிடந்தன. அதில் பத்தொன்பது வருடம் அவற்றைக் காத்தவன் நான். குழாய் உடைந்து கீழறையில் தண்ணீர் நின்றபோது முதலில் மார்போடு அணைத்து மேலே கொண்டு வந்தது அந்த இரண்டைத்தான்.

முதலாளி மச்சினனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "இந்தச் சாப்பாடு நல்லா நடந்துச்சுன்னா, வைன் பொறுப்பு முழுக்க உனக்கு. தனி அறை, நிரந்தரச் சம்பளம். கீழறைச் சாவியும் உன்கிட்ட."

கீழறைச் சாவி என் இடுப்பில் இருந்தது. பத்தொன்பது வருடமாக.

அன்று வீட்டில் அவனுக்கு என் வீட்டுக்காரி கோட்டை இஸ்திரி போட்டாள். நான் வாங்கிக்கொடுத்த கோட்டு. காலர் முனையை விரலால் நீவி நீவிப் பார்த்தாள். என் சட்டையில் மூன்றாவது பொத்தான் போய் ஒரு மாதமாகிறது. "ஏங்க, தம்பிக்கு இன்னிக்கு முக்கியமான நாள். கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாள்.

"பாத்துக்கிறேன்" என்றேன்.

இரண்டு நாள் முன்பே இரண்டு பாட்டிலையும் எழுப்பி நிறுத்தியிருந்தேன். அதில் நான் குறை வைக்கவில்லை. என்ன நினைத்திருந்தாலும் பாட்டிலைக் குலுக்க என் கைக்கு வராது. சரியான நேரத்தில் மேலே கொண்டு வந்தேன். கீழறைக் குளிர்ச்சி கொஞ்சம் அடங்கட்டும் என்று, அடுப்புச் சூடு படாத அலமாரியில் வைத்தேன். கோப்பைகளை வெந்நீரில் மூன்றுமுறை அலசினேன். ஆட்டுத்தொடையில் மிளகைக் குறைக்கச் சொன்னதும் நான்தான். சமையல்காரர் முறைத்தார். "தொட்டியிலேர்ந்து உத்தரவு வருது பாரு" என்றார். ஆனால் குறைத்தார்.

ஒரு மணிக்கு இருவரும் உட்கார்ந்தார்கள். கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மச்சினன் பாட்டிலைக் கைக்குழந்தைபோல ஏந்தி, பெயர்ச்சீட்டைக் காட்டி, ஆண்டைச் சொல்லி, கார்க்கை மெல்ல இழுத்தான். பழைய கார்க், பாதியில் நொறுங்கும். நொறுங்கவில்லை. சின்னக் கோப்பையில் ஒரு விரல் அளவு. கண்ணை மூடினான். முகர்ந்தான். விருந்தாளி வாயைத் திறந்தபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோப்பை என் திறப்புக்கு வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். முதலில் மூடிக் கிடந்த அறையைத் திறந்த வாசம். அது போகும், பழைய வைன் அப்படித்தான். ஒரு சுற்றுச் சுற்றினேன். போய்விட்டது. பிறகு வந்தது. காய்ந்த பழம், தோல் செருப்பு, மழைக்குப் பிறகு மரத்தடி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று. பென்சில். சீவிய பென்சில் தூள். நாற்பத்து மூன்று வயதில் பெட்டி மேல் நோட்டை வைத்து, நாக்கை நீட்டிக்கொண்டு பென்சில் சீவினேனே, அதே வாசம். ஒரு நிமிடம் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒன்று என் மூக்குக்கு வந்ததில்லை.

திறப்புக்கு அந்தப் பக்கம் அவன் கோட்டுக் கை தெரிந்தது. இஸ்திரி மடிப்புக் குலையாத கை. மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தான். குனிந்து திறப்பு வழியாகப் பார்த்தான். "மாமா?" என்றான் மெதுவாக.

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். கெட்டுவிட்டது என்று காட்டினால் அவன் போய் அதையே சொல்வான். முப்பத்திரண்டு வருடம் காத்திருந்த முதலாளி சும்மா விடுவாரா? வாயில் வைத்துப் பார்ப்பார். அமிர்தமாக இருக்கும். அப்போது தெரியும், மூக்கு யாருடைய மூக்கு என்று. தனி அறையும் போகும், சாவியும் போகும், கண்ணாடியில் ஒட்டிய படமும் போகும்.

கோப்பையைக் கழுவினேன். நிமிர்த்தி வைத்தேன்.

அவன் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான். "நெஜமாவா மாமா?"

"ஈர அட்டை" என்றேன்.

"லேசாவா?"

"முழுக்க."

ஊற்றிவிடலாமா என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தான். கோட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான்.

என்னால் கதவருகே நிற்க முடியவில்லை. தொட்டிக்குத் திரும்பி, சுத்தமாக இருந்த ஒரு பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பரிமாறுகிற பெண்ணை நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம். எந்தச் செய்தியும் அவள் வயிற்றில் ஐந்து நிமிடம் தங்காது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணே! உங்க மச்சினன் பெரிய வேல பண்ணிட்டான்ணே!"

"என்ன ஆச்சு?"

"மொதலாளிகிட்ட நேரா போய், 'இந்தப் பாட்டில் கெட்டுப்போச்சு சார், இத நான் உங்களுக்கு ஊத்த மாட்டேன்'ன்னு சொல்லிட்டான்."

"மொதலாளி?"

"மூஞ்சி இப்படிப் போச்சு." கன்னத்தை உள்ளே இழுத்துக் காட்டினாள். "கொண்டா பாப்போம்னு ஒரு கிளாஸ்ல ஊத்தச் சொல்லி வாங்கினார். மோந்தார். ஒரு வாய் குடிச்சார்."

நான் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"குடிச்சிட்டு, 'ஆமா ஆமா, எனக்கும் பட்டுச்சு'ன்னார். அந்த விருந்தாளி விடுவாரா? அவரும் வாங்கி மோந்து, மூக்கச் சுளிச்சு, 'அட்டப்பொட்டி வாடையே அடிக்குதே'ங்கறார்! ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தலையாட்டுறாங்க. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. நம்மாளு சொல்ற வரைக்கும் ஒருத்தருக்கும் அட்டையும் தெரியல பொட்டியும் தெரியல."

சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள். அவளுக்கு அது சிரிப்பு.

இரண்டாவது பாட்டிலைத் திறந்தான். அதன் கோப்பை வந்தது. அதுவும் நல்லதுதான். முதலாவது அளவுக்கு இல்லை, பென்சில் இல்லை, ஆனால் நல்லது. உடனே கவிழ்த்து வைத்தேன். அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவன் மெழுகுவர்த்தியைப் பாட்டிலின் கழுத்துக்குக் கீழே பிடித்து, நூல் இழைபோலக் குடுவையில் இறக்கி, வண்டல் கழுத்தைத் தொட்ட கணம் நிறுத்தினான். அந்த வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நான் வேண்டாவெறுப்பாகத்தான் எழுதுகிறேன். அவர்கள் கோப்பைகள் திரும்பி வந்தபோது துடைத்த மாதிரி இருந்தன. ஆட்டுத்தொடைத் தட்டில் எலும்பு மட்டும்.

ரேடியோ மறுபடி வந்தாள். "வேல நிரந்தரம்! எல்லார் முன்னாலயும் சொல்லிட்டார். 'வேற எவனா இருந்தாலும் பேசாம ஊத்தியிருப்பான், இவன் ஊத்தல. மூக்குன்னா இவன் மூக்கு'ன்னு தோள்ல தட்டினார். அந்த விருந்தாளி கண்ணுல தண்ணி. இப்படி ஒருத்தன் நம்ம கூட அன்னிக்கு இருந்திருந்தா நாம பிரிஞ்சிருப்போமாங்கறார். உங்க வீட்டம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். சந்தோஷத்துல அழுறாங்க. நீங்க என்னண்ணே, இடி விழுந்த மாதிரி நிக்கிறீங்க?"

கெட்டுப்போன பாட்டிலைக் கொட்டச் சொல்லித் திறப்பில் வைத்துவிட்டுப் போனாள்.

பொறாமைக்காரன் வெட்டிய குழியில் அவனே விழுவான் என்பார்கள். நான் வெட்டியது குழிகூட இல்லை. மச்சினன் ஏறி நிற்க மேடை கட்டியிருக்கிறேன், என் செலவில்.

மூன்றரை மணிக்குக் கூடம் ஓய்ந்தது. அடுப்படியில் யாருமில்லை. பாட்டிலைத் தொட்டிக்கு மேல் சாய்த்தேன். கை நின்றுவிட்டது. பத்தொன்பது வருடம் நான் காத்ததைக் கொட்டுவதா?

அலசி வைத்த கோப்பைகளில் நல்லதாக ஒன்றை எடுத்தேன். அடுப்பில் கறி சுட்ட தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஆட்டுத்தொடைத் துண்டு, இரண்டு காளான், ஒரு ரொட்டி முனை. கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்தேன். திறந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இவ்வளவு வயதான வைன் அதற்குள் களைத்துப்போய்விடும் என்று நினைத்தேன். களைக்கவில்லை. கறியை மென்று, அதன் கொழுப்பு நாக்கில் இருக்கும்போதே ஒரு வாய் குடித்தேன். கறியின் உப்பு வைனைத் தட்டி எழுப்பியது. வைன் கறியின் கொழுப்பைக் கழுவிக்கொண்டு போனது. மறுபடி கறி. மறுபடி வைன். நோட்டில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், துடைத்த மாதிரி வரும் என்று. ஏன் அப்படி வருகிறது என்பது அன்றைக்குத்தான் என் வாய்க்குத் தெரிந்தது. அழுகையும் வந்தது, குடித்துக்கொண்டும் இருந்தேன். பாட்டிலில் வண்டல்தான் மிச்சம்.

"மாமா!"

மச்சினன் நின்றிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. ஓடி வந்து என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க புண்ணியம் மாமா. நீங்க மட்டும் இன்னிக்கு அந்தக் கிளாஸ நிமித்தி வைக்கலன்னா நான் கெட்டத ஊத்தி மானங்கெட்டுப் போயிருப்பேன்." கோட்டுப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தான். "மொதலாளி முன்பணம் குடுத்தார். மொத காரியமா இதத்தான் பிரிச்சேன். ஆறாயிரத்து எண்ணூத்து நாப்பது. எண்ணிக்கோங்க. வட்டிக்கு அக்கா கையால சாப்பாடு."

உறையைப் பெட்டி மேல் வைத்தான். நான் எடுக்கவில்லை.

"கெட்டுப்போனது எப்படி இருக்கும்னு சொல்லுங்க மாமா, மேசையில பேச உதவும்..." என்று பாட்டிலைத் தூக்கினான். எடை இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பாட்டிலைக் கீழே வைத்தான்.

பிறகு என் கோப்பையைப் பார்த்தான். துடைத்த மாதிரி இருந்தது. தட்டைப் பார்த்தான்.

"கெட்டுப்போனதுக்கு யாராவது கறி எடுத்து வச்சுப்பாங்களா மாமா?"

தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

அவன் அந்தக் கோப்பையை எடுத்தான். குழாயில் வெந்நீரைத் திறந்து, சோப்புப் போடாமல், நான் அலசுகிற மாதிரியே அலசினான். அடுக்குச் சட்டத்தில் கவிழ்த்து வைத்தான். கையைத் துடைக்க இடமில்லாமல் கோட்டிலேயே துடைத்துக்கொண்டான்.

"பேப்பர்ல வந்ததுக்கா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"உங்க பேரச் சொல்லியிருந்தா, எனக்கு மூக்கு இல்லங்கறதையும் சேத்துச் சொல்லணும் மாமா. அதான் சொல்லல. உங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டேன்." உறையை என் பக்கம் நகர்த்தினான். "அக்காகிட்ட இதச் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

"நாளைக்குக் கிளாஸ் கொண்டு வா" என்றேன். "ஒழுங்காப் பாத்துச் சொல்றேன்."

"வேணாம் மாமா."

"அப்புறம் எப்படிடா?"

"இன்னிக்கு மொதலாளி மோந்து பாத்துட்டு ஆமான்னார். வந்தவரும் ஆமான்னார். அவங்களுக்கு இருக்கிற மூக்கு எனக்கும் இருக்கு." சிரிக்க முயன்றான், வரவில்லை. "நான் என்ன சொல்றேனோ அதான் வாசன. இத்தன நாள் தெரியாம உங்களத் தொந்தரவு பண்ணிட்டேன்."

இடுப்பிலிருந்த கீழறைச் சாவியை அவிழ்த்தேன். அவன் கேட்கவில்லை. ஆனாலும் நீட்டினேன். வாங்கிக்கொண்டான். ஆடும் கதவு இரண்டுமுறை ஆடி நின்றது.

நேரம் ஆகியும் பெட்டியை விட்டு எழவில்லை. பிறகு உறையைப் பிரித்து எண்ணினேன். சலவை நோட்டுகள். ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இன்னொருமுறை எண்ணினேன். குறைந்தால் தேவலை என்று இருந்தது.

நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். என் கோணல் எழுத்தும், நடுவில் அவன் திருத்திய ஒரே ஒரு நேர் எழுத்தும். அதன் குறுக்கே கோடு போட்டேன். கீழே 'கடன் தீர்ந்தது' என்று எழுதினேன்.

சரியாக எழுதியிருக்கிறேனா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிழை இருந்தாலும், இனி திருத்த ஆளில்லை.